இரவல் மூக்கி

"பேசாம செத்துப்போச்சுன்னு சொல்லிடலாங்க. உண்மையைச் சொன்னா தலையையா வாங்கிடப் போறார்?"

மனைவி இதைச் சொன்னபோது கணவர் மீன்தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடிதான்.

"தலையை வாங்கினாக்கூடப் பரவாயில்ல. அவர் பொண்ணு அழுவாளே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கடல்நீர்த் தொட்டியை, 'உங்க மூத்த சம்சாரம்' என்றுதான் மனைவி சொல்வாள். நகத்தளவு துண்டுகளாக வாங்கிய பவளங்களைக் கணவர் கைப்பிடி அளவுக்கு வளர்த்திருந்தார். அதில் எங்கிருந்தோ களை மாதிரிப் பரவும் அனிமோன் என்ற கடலுயிர்கள் புகுந்துவிட்டன. பார்க்கப் பூ மாதிரி இருக்கும். பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். பிடுங்கினால், பாறையில் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். அதற்கு மருந்தை ஊசியால் ஏற்றியும் பார்த்தார். ஒன்று செத்தால் நாலு வந்தது.

யாரோ சொல்லித்தான் அந்த மீன்காரரைப் பிடித்தார்கள். மீன் விற்கிறவர் இல்லை, மீனை இரவல் கொடுக்கிறவர். அவரிடம் ஒரு பட்டாம்பூச்சி மீன் இருந்தது. ஆரஞ்சுப் பட்டை போட்ட உடம்பு, நீண்ட மூக்கு. பெயரே மூக்கி. பாறை இடுக்கில் மூக்கை விட்டு அனிமோனைக் கொத்தித் தின்பதுதான் அதன் வேலை. ஒரு வீட்டுத் தொட்டி சுத்தமானதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"பத்திரம் சார்," என்று விட்டுப்போகும்போது அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். "என் பொண்ணு ஆசையா வளர்த்தது. ஏதாவது ஆச்சுன்னா அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது."

வந்த வாரமே மூக்கி செத்துப்போனது. காலையில் பார்த்தால், தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எதனால் என்று தெரியவில்லை. கணவர் அன்று வேலைக்கே போகவில்லை.

பிறகு ஊரிலுள்ள வளர்ப்பு மீன் கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கி, அதே உருவத்தில் ஒன்றைத் தேடிப்பிடித்தார். வந்த மகாராணியோ அனிமோனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிப்பிச் சதையைப் பொடியாக நறுக்கி, அனிமோன்கள் மேலேயே தூவி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கெஞ்சினார். "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஊட்டியிருப்பீங்களா?" என்று மனைவி கேட்டதையும் பொறுத்துக்கொண்டார். ஒருவழியாக மீன் கொத்தப் பழகியது. பழகிய பின் வெளுத்து வாங்கியது. இப்போது தொட்டியில் பேருக்குக்கூட ஒரு களை இல்லை.

அழைப்பு மணி அடித்தது. மூடி போட்ட வாளியோடு மீன்காரர் வந்து நின்றார்.

"அடேங்கப்பா, சுத்தமா மேஞ்சிருக்காளே!" தொட்டியைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. விரலால் கண்ணாடியைத் தட்டினார். "மூக்கி, யாரு வந்திருக்கா பாரு."

மீன் வாலைக் காட்டிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனது.

"எங்களோட நல்லா ஒட்டிக்கிட்டா," என்றார் கணவர் அவசரமாக. "அதான் உங்க மேல கோவம் போல."

"இருக்கும் சார், இருக்கும்." மீன்காரர் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் வளர்ந்துட்டாளோ?"

"சாப்பாடு அப்படி," என்றாள் மனைவி. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். சிவந்தது.

மீன்காரர் வலையை விட்டு நிதானமாக மீனைப் பிடித்து வாளியில் இறக்கினார். மூடியைப் போடும்போது மனைவியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூக்கி இங்க வந்த வாரத்துல..."

"ஐயோ, நேரமாச்சும்மா!" அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். "பொண்ணு வாசல்லயே நின்னுட்டிருப்பா. இதைக் கண்ணால பார்த்தாத்தான் அவளுக்கு நிம்மதி."

இருவரும் வாசல் வரை வந்து, கார் தெருமுனை திரும்பும்வரை நின்றார்கள்.

"வெள்ளந்தி மனுஷன். நல்லா ஏமாத்திட்டோம்," என்றார் கணவர். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"விடுங்க. அந்தக் குழந்தை அழாம இருந்தா சரி," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருமுனை தாண்டியதும் மீன்காரரின் போன் அடித்தது. மகள்தான். வண்டியை ஓரங்கட்டி எடுத்தார்.

"என்னப்பா, மூக்கி இருக்காளா, போய்ட்டாளா?"

"போய்ட்டாம்மா. ஆனா ரொம்ப நல்ல மனுஷங்க," என்றார் அவர், பக்கத்து இருக்கையிலிருந்த வாளியின் மூடியைத் திறந்து பார்த்தபடி. "போன வீட்டுக்காரங்க மாத்திக் கொடுத்த மூக்கியைவிட இது கொஞ்சம் பெருசு."