பச்சைப் பொட்டு

செல்லக்கனி வீட்டின் பின்னறையில் பெரிதும் சிறிதுமாய் இரண்டு காளான் பைகள் அருகருகே தொங்கின. அவித்த வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காக நிரப்பி, அவள் ஒரே நாளில் கட்டியவை. ஒரு வாரத்தில் இரண்டிலும் காளானாக முளைக்கப்போகும் வெள்ளை இழை படர்ந்தது.

ஒன்பதாம் நாள் பெரிய பையின் அடியில் மிளகளவு பச்சைப் பூஞ்சை தெரிந்தது. பை மெல்லச் சுழன்று, அந்தப் பக்கத்தைச் சின்னப் பையை நோக்கித் திருப்பிக்கொண்டது.

"கொஞ்சம் என்மேல சாஞ்சுக்கோ. அவ பார்த்தா அசிங்கம்."

"பார்த்தா ஏதாவது வைத்தியம் பண்ணுவாளே?" என்றது சின்னப் பை.

"மூணு நாள்ல தானா போயிடும். இதுக்குப்போய் ஊரைக் கூட்டணுமா?"

சின்னப் பைக்கு மறுக்க மனம் வரவில்லை. ஒட்டிச் சாய்ந்துகொண்டது. செல்லக்கனி தினமும் வந்து தரையில் தண்ணீர் தெளித்தாள். கண்ணுக்குத் தெரிந்த பக்கமெல்லாம் வெள்ளையாக இருந்ததால் மகிழ்ந்து போனாள்.

ஐந்து நாள் கழித்து, "இப்ப எனக்கும் வந்திருக்கு" என்றது சின்னப் பை.

மறுநாள் கெட்ட வாடை வரவே, செல்லக்கனி இரண்டையும் விலக்கிப் பார்த்தாள். "பொட்டா இருக்கிறப்பவே கண்ணுல பட்டிருந்தா சுரண்டி எடுத்துட்டுச் சுண்ணாம்பு வச்சிருப்பேனே" என்று முணுமுணுத்தாள். தோட்டத்துக் கடைசியில் குழி வெட்டி இரண்டையும் போட்டாள்.

மண் விழுந்து மூடியதும் பெரிய பை நிம்மதியாகச் சொன்னது: "அப்பாடா, இங்க யாரும் பார்க்க மாட்டாங்க."