நாலு ஸ்பூன் புதினா எண்ணெய்

“எவ்வளவு குடிச்சீங்க?”

“நாலு ஸ்பூன்.”

“வீடியோவில எவ்வளவு சொன்னான்?”

“மூணு சொட்டு. மூணு சொட்டு எந்த மூலைக்குன்னு நான்தான்…”

எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஆறு நாளாக அவர் வெளிக்குப் போகவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று என்னிடம் மூச்சு விடவில்லை. செல்போனில் எவனோ ஒருத்தன் வாசனை எண்ணெய் குடித்தால் குடல் பளிச்சென்று ஆகிவிடும் என்றானாம். முந்தின நாளே கடைத்தெருவில் ஒரு அம்மாளின் வாசனை எண்ணெய்க் கடையில் ஒரு பாட்டில் புதினா எண்ணெய் வாங்கி வந்து, இன்று காலையில் வெந்நீரில் கலந்து குடித்துவிட்டு, சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ‘முகரவும் தடவவும் மட்டும். உள்ளே சாப்பிடக் கூடாது’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

என் நாத்தனார் நர்ஸ். அவளுக்குப் போன் போட்டேன்.

“ஐயோ அண்ணி, அவ்வளவு உள்ள போனா ஆளையே சாய்ச்சிடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாட்டிலோட உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

ஆட்டோவில் வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை. இந்த மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்ததும் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

டாக்டர் தொண்டையைப் பார்த்தார். நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார்.

“எரிச்சல் இருக்கா?”

“இல்ல சார்.”

“மயக்கமா வருதா?”

“இல்ல சார். லேசா பசிக்குது.”

டாக்டர் பாட்டிலை முகர்ந்தார். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு ஓரமாக வைத்தார். எங்களையும் உட்கார வைத்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து அந்தக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நிஜமான வாசனை எண்ணெய்னா இந்நேரம் ஆவியாகியிருக்கணும். இது பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி நிக்குது. வெறும் சமையல் எண்ணெய்மா. பேருக்குக் கொஞ்சம் புதினா வாசம் ஏத்தியிருக்காங்க.”

“அப்போ இவருக்கு…?”

“ஒண்ணும் ஆகாது. அசலா இருந்திருந்தா இப்படிக் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.”

போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். “நாள் பூரா டிரைவர் சீட்டு. தண்ணி குடிக்கிறதுண்டா?”

“பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வழியில எங்க சார் நிறுத்துறது? அதான் குடிக்கிறதே இல்ல.”

“உங்க குடலுக்கு எண்ணெய் வேண்டாம். தண்ணி குடுங்க, போதும். அப்புறமும் போகலன்னா என்கிட்ட வாங்க, வீடியோகிட்ட போகாதீங்க.”

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புதினா எண்ணெய் என்று சொல்லி சமையல் எண்ணெயைத் தலையில் கட்டியிருக்கிறாளே அந்தக் கடைக்காரி, இந்த அநியாயத்தைக் கேட்க ஆளில்லையா? அசலாக இருந்திருந்தால் என் கதி என்ன என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

“விடேன், தொலையட்டும்,” என்றார் இவர்.

“நீங்க வாயைத் திறக்காதீங்க,” என்று அவரை வீட்டில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனேன்.

கடைக்கார அம்மாள் தனியாகத்தான் இருந்தாள். பாட்டிலை மேஜைமேல் வைத்தேன்.

“ஏம்மா, சமையல் எண்ணெயை அடைச்சு விக்கிறியே, உனக்கு மனசாட்சி இருக்கா? நாலு பேர்கிட்ட சொன்னா உன் கடை என்ன ஆகும் தெரியுமா?”

அவள் பாட்டிலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“பஸ் டிரைவர் வீட்டம்மாவா? குடிச்சிட்டாரா?”

“நாலு ஸ்பூன்.”

“இப்ப எப்படி இருக்கார்?”

“நல்லாத்தான் இருக்கார். அதுக்கென்ன?”

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“குடிக்கக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்மா. ‘நீ குடுக்கலன்னா எதிர்க்கடையில வாங்கிக்கிறேன்’னு கிளம்பிட்டார். அங்க நிஜத்தையே குடுத்துடுவாங்க. குடல் கழுவணும்னு வர்றவங்களுக்குன்னே இந்த அலமாரி. எல்லாம் சமையல் எண்ணெய்தான். மறுநாள் நானே போன் பண்ணி, ‘சரியாகலையா, டாக்டரைப் பாருங்க’ன்னு சொல்லுவேன். அவர்கிட்ட இன்னிக்கு சாயங்காலம் பேசணும்னு இருந்தேன்.”

என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பது இவளால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் செல்போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

“ஏம்மா, இந்தக் குடல் சுத்தம் பண்ற எண்ணெய் இருக்கா? உள்ளுக்குக் குடிக்கிறது.”

“அதைக் குடிக்கக் கூடாது சார். டாக்டரைப் பாருங்க.”

“எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். இல்லன்னா சொல்லு, எதிர்க்கடையில அசலாவே கிடைக்குமாம்.” அவர் திரும்பிவிட்டார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டேன்.

“அங்க போகாதீங்க சார். என் வீட்டுக்காரர் இங்கதான் வாங்கிக் குடிச்சார். இந்தம்மாகிட்ட மட்டும்தான் கலப்படமே கிடையாது.”