திரைக்கு முன்னால் வருபவன்

பாரிஸில் நடிகன் செத்தால், சவப்பெட்டி தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது கூட்டம் கைதட்டி வழியனுப்பும். லூசியனுக்கும் தட்டினார்கள். சினிமாவில் தன் முகத்தின் இடப்பக்கத்தை மட்டுமே படமெடுக்க விட்ட மகானுபாவன் அவன். நாடகம் முடிந்து திரை விழுந்ததும், உடன் நடித்தவர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தனியாக முன்னால் வந்து குனிந்து வணங்குவான். கைதட்டல் ஓய்ந்த பிறகும் வருவான். விளக்கை அணைத்தால்தான் போவான். அவனுக்கு ஜோடியாகவே காலமெல்லாம் நடித்து, ஒருமுறைகூடக் கைதட்டல் வாங்கத் திரைக்கு முன்னால் வந்திராத அவன் மனைவி சொலாஞ்ச், கையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "போதும், நிறுத்துங்க. சத்தம் கேட்டா அந்தாளு மறுபடி வந்து நின்னுடுவான்." தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. பெட்டியைச் சுமந்தவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.