கடிக்காது

“பயப்படாதீங்க தம்பி, கடிக்காது!”

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்னவோ, வாயைத் திறந்தால் இந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. அப்படிக் ‘கடிக்காத’ நாய்களின் புண்ணியத்தில் கூரியர்காரரின் இரண்டு கெண்டைக்காலிலும் தழும்பு இருந்தது. குரைப்புச் சத்தம் கேட்டாலே பார்சலை மதில்மேல் வைத்துவிட்டுத் தலைதெறிக்க ஓடுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஓட்டக்காரர்’ என்றே பெயர்.

ஆனால் இன்று ஓடவில்லை. தையல்காரம்மா வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய வியர்த்தபடி நின்றார். உள்ளே பழுப்பு நாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பார்சல் குடுத்தாச்சுல்ல? இன்னும் என்ன?”

“ஒரு உதவிம்மா. உங்க நாயை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்.”

“நீங்களா? போன வாரம் இது தும்மினதுக்கே பைக்கைப் போட்டுட்டு ஓடினீங்க!”

“வீட்டுக்குக் குழந்தை வரப்போகுதும்மா. நாயைக் கண்டு நான் ஓடுறதை அது பார்க்கக் கூடாது.”

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. “அட, சொல்லவே இல்ல! எப்போ?”

“வெள்ளிக்கிழமை.”

“நாளன்னைக்கா! சரியான கல்லுளிமங்கன் தம்பி நீங்க. வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க?”

“அவளுக்கும் தூக்கம் இல்ல, எனக்கும் இல்ல. கையும் ஓடலை, காலும் ஓடலை.”

“உங்களுக்குக் கால் நல்லாத்தானே ஓடும்!” என்று சிரித்தாள். “அவங்களைக் கனமா எதையும் தூக்க விடாதீங்க.”

காலையில்தான் அவர் மனைவி தனியாளாகக் கட்டிலை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். சொன்னால் வம்பு என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

“குழந்தைக்கு முதல் சட்டை என்னோடது. இன்னைக்கே தைச்சுடறேன்.”

“வேணாம்மா, வந்ததும் அளவு சொல்றேன்.”

“பச்சைக் குழந்தைக்கு என்னய்யா அளவு? முதல்தடவை அப்பா ஆகிறவங்களுக்கு மூளை கொஞ்சம் குழம்பித்தான் போகும். பொறக்கற குழந்தைக்கு நாய்னு ஒண்ணு இருக்கறதே தெரிய வருஷக்கணக்காகும். இப்ப என்ன அவசரம்?”

“இல்லம்மா. முதல் நாளே நான் பயந்து ஓடிட்டா, அப்புறம் என்னை எப்படி அப்பான்னு நம்பும்?”

தையல்காரம்மா சிரிப்பை நிறுத்தினாள். கேட்டைத் திறந்து, நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “வாங்க. முதல்ல கையை மோந்து பார்க்கட்டும்.”

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஈர மூக்கு விரலில் பட்டது. பிறகு நாக்கு. பரவாயில்லையே என்று ஒரு கண்ணைத் திறந்த நேரம் பார்த்து, தெருவில் போன பூனையைக் கண்டு நாய் ‘வள்’ என்றது. மறுநொடி கூரியர்காரர் தெருமுனையில் இருந்தார். திரும்பி வந்து பைக்கை எடுக்கவே அவமானமாக இருந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் போனார். நாய் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் நாயின் முதுகை ஒரு விரலால் தொட்டதை வெற்றியில் சேர்ப்பதா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மனைவி ஓரிடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

“எல்லாம் நல்லபடியா நடந்துடும்ல?”

“நடந்துடும்.”

“நீங்க ஓட மாட்டீங்களே?”

“மாட்டேன்,” என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

வாசலில் குழந்தைகள் இல்லத்தின் கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் குதித்தது ஒரு கறுப்பு நாய். அவர் கால் தானாகப் பின்னால் போனது. மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். நாயின் கயிற்றைப் பிடித்தபடி, ‘இதுவும் வந்தாத்தான் நானும் வருவேன்’ என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்த ஏழு வயதுச் சிறுமி இறங்கினாள்.

நேற்றுவரை அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டவள், வியர்த்து வழியும் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, இன்னொரு கையால் அவர் விரலைப் பற்றிக்கொண்டாள்.

“பயப்படாதீங்கப்பா, கடிக்காது!”