கேவலமா இருக்கு, நிறுத்தாதீங்க!

“கேவலமா இருக்கு சார், உங்க ஸ்பெஷல். ஆனா அதை நிறுத்தக் கூடாது.”

தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சி மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி அப்படியேதான் இருந்தார். மருந்துக்கடையிலிருந்து நேரே வந்திருக்கிறார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ‘சார் மீட்டிங்ல இருக்கார்’ என்று சொல்லிச் சொல்லி வரவேற்பறைப் பெண்ணுக்குத்தான் வாய் வலித்ததே தவிர, இவர் அசையவில்லை.

“நம்ம ‘விண்மீன் தோணி’ விண்வெளித் தொடருக்கு லீவு நாள்ல ஸ்பெஷல் போட்டா, மறுநாளே போன் பண்ணித் திட்டுவாங்களே, அது நீங்கதானா?”

“நானேதான்.”

“எங்க ஆபீஸ்ல உங்களுக்கு ‘ஏவுகணை அக்கா’ன்னு பேரு.”

“இருந்துட்டுப் போகட்டும். இந்த வருஷம் ஸ்பெஷல் கிடையாதுன்னு அறிவிச்சிருக்கீங்க. ஏன்?”

“நீங்க திட்டினதாலதாம்மா!”

அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“தொடர் தங்கம் சார். முதல் எபிசோடுலேர்ந்து ஒண்ணு விட்டதில்ல. ஆனா லீவு நாளைக்குன்னு தனியா எடுக்கறீங்களே, அங்கதான் உங்களுக்கெல்லாம் என்னமோ ஆயிடுது. தளபதி நிலாவுல இறங்கி டான்ஸ் ஆடறார், ஹெல்மெட் இல்லாம! பிரபஞ்சத்தையே அழிக்க வந்தவன் பரிசுப் பெட்டியும் கையுமா வந்து, ‘எனக்கும் ஒரு குடும்பம் வேணும்’னு குலுங்கிக் குலுங்கி அழறான். ரோபோவுக்கு ஜலதோஷம்! தகரத்துக்கு எப்படி சார் சளி பிடிக்கும்? மருந்து விக்கிறவகிட்டயே காது குத்தறீங்களா?”

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப நிறுத்தறது நல்லதுதானே?”

“கூடாது.”

“யாரும் பார்க்கறதில்லம்மா.”

“நான் பார்க்கறேன். கடைக்கு வர்றவங்களையும் விடறதில்ல. இருமல் மருந்தைக் கையில குடுக்கறப்பவே, ராத்திரி ஸ்பெஷல் பாருங்கன்னு சொல்லித்தான் அனுப்பறேன்.”

“பார்த்துட்டு என்ன சொல்றாங்க?”

“மறுநாள் தலைவலி மாத்திரை வாங்க வர்றாங்க.”

வாய்விட்டுச் சிரித்த மேலாளர், சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டார். “இது மேலிடத்து முடிவு. அந்த நேரத்துக்கு ஏதாவது பழைய படம் போட்டுக்கறோம். நீங்க கிளம்புங்கம்மா, எனக்கு வேலை இருக்கு.”

அந்தப் பெண்மணி எழுந்திருக்கவில்லை. கைப்பையை எடுத்து மேஜை மேல், அவருடைய கோப்புகளுக்கு நடுவில் வைத்தார்.

“நீங்க பாருங்க சார், உங்க வேலையை. நான் இங்கயே இருக்கேன். இன்னிக்கு முடியலைன்னா நாளைக்கும் வருவேன். நீங்க ‘சரி’ங்கற வரைக்கும் வருவேன்.”

“பிடிக்காத நிகழ்ச்சிக்கா இவ்வளவு பிடிவாதம்?”

“பிடிக்காதுதான். ஆனா வேணும்.”

சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. மேலாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

“சார்... ஒரு ரசிகை வந்திருக்காங்க... ஆமா சார், அவங்களேதான்... இல்ல சார், சொல்லிப் பார்த்துட்டேன், போக மாட்டேங்கறாங்க... சரி சார்... சரி சார்... அப்படியே செஞ்சுடலாம் சார்.”

போனை வைத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“ஜெயிச்சுட்டீங்கம்மா. ஸ்பெஷல் வருது!”

“ரொம்ப நன்றி சார்.” கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அது மட்டுமில்ல. புது எழுத்தாளர், புது டைரக்டர். டான்ஸ் கிடையாது, அழுகை கிடையாது, சளி கிடையாது. இந்தத் தடவை எந்தக் கொம்பனாலயும் ஒரு குறை சொல்ல முடியாது. திருப்திதானே?”

எழுந்தவர் தொப்பென்று மறுபடி உட்கார்ந்தார்.

“ஐயோ, வேண்டாம் சார்! பழைய ஆளுங்களே எடுக்கட்டும்!”

“என்னம்மா, விளையாடறீங்களா?”

“அம்மாவை யார் வெச்சுப் பார்த்துக்கறதுன்னு வந்த சண்டையில என்னோட பேச்சையே விட்டுட்டான் சார், என் தம்பி. நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்பிடறதில்ல. ஆனா வருஷா வருஷம் உங்க ஸ்பெஷல் முடிஞ்ச அடுத்த நிமிஷம் போன் அடிக்கும். ‘அக்கா, பார்த்தியா இந்த அக்கிரமத்தை?’ம்பான்... ரெண்டு பேரும் சேர்ந்து விடிய விடியத் திட்டுவோம் சார்.”