எந்தத் திரி?

“என் அத்தர் குப்பிய மட்டும் தொடாதே, சொல்லிட்டேன்.”

“தொட்டா என்ன அத்தை பண்ணுவீங்க?”

“உயிரோட இருந்தா திட்டுவேன். செத்துட்டா, வந்து காதைத் திருகுவேன்டி!”

மாமியாரும் மருமகளும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மாமியார் போய் ஆறு மாதமாகிவிட்டது. இப்போது, அணைந்து கிடந்த மெழுகுவர்த்தியின் முன் தனியாக நின்ற மருமகளுக்கு அந்தப் பேச்சு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. காது மடல் தானாகக் கூசியது.

சோயா மெழுகைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி மெழுகுவர்த்தி செய்ய அவள் இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். பரிசுப் பொருள் கடைக்காரி ஐம்பது ஜாடி கேட்டிருந்தாள். “சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா எரியுற மாதிரி ஒண்ணு காட்டு. இல்லேன்னா வேற ஆள் இருக்காங்க” என்று சொல்லியும் விட்டாள். வேலை போன பிறகு இவளைத் தேடி வந்த முதல் வாய்ப்பு அது.

மெழுகை உருக்குவது பெரிய வித்தையில்லை. திரிதான் ஆளைப் படுத்தும். மெல்லிசாகப் போட்டால் நடுவில் குழி பறிக்கும், தடித்துப் போனால் கண்ணாடியில் கரி பூசும். சரியான திரி என்றால், நாலு மணி நேரத்தில் மேல் மெழுகு வட்டமாக உருகி ஜாடியின் ஓரத்தைத் தொட வேண்டும். அதனால் நான்கு ஜாடி, நான்கு பருமனில் திரி, நாளுக்கு ஒன்றாகச் சோதனை.

வாசனை கலந்தால்தான் திரியின் குணம் தெரியும். விலைக்குச் சொல்லியிருந்த வாசனை எண்ணெய் வந்து சேரவில்லை. சோதனைக்குத்தானே என்று, அலமாரியில் இருந்த மாமியாரின் குப்பியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை நான்கு ஜாடிக்கும் பங்கிட்டுவிட்டாள்.

முதல் நாள், பக்கத்து அறையில் துணி மடித்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் வந்து பார்த்தால் சுடர் இல்லை. ‘மெல்லிய திரி, மூழ்கிவிட்டது’ என்று நோட்டில் எழுதினாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் தடித்தது. அதே கதை.

மூன்றாம் நாள், இருப்பதிலேயே தடித்த திரி. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினாள். அப்படியும் அணைந்திருந்தது. திரி மெழுகில் மூழ்கவில்லை, நிமிர்ந்து நின்றபடியே செத்திருந்தது.

வாசனை மட்டும் அறையை விட்டு வெளியேறி, கூடத்தைத் தாண்டி, மாமனாரின் அறை வாசலில் போய் நின்றது. அத்தை குளித்துவிட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தொட்டுக்கொண்டு, இப்போதுதான் அந்தப் பக்கம் நடந்து போனதைப் போல.

கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

“எங்கம்மாவுக்கு உயிரோட இருக்கும்போதே ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். இப்ப உன் மெழுகுவத்திய ஊதுறதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து வராங்களாக்கும்!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். மாமனாரின் டீ சாசரில் ஏதோ கரி அப்பியிருந்தது. தன் கையிலிருந்த கரிதான் ஒட்டியிருக்கும் என்று இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள்.

வாசற்படியில் மாமனார் வந்து நின்றார். மனைவி போனதிலிருந்து அவர் பேச்சு ஓரிரு சொல்லுக்குள் முடிந்துவிடும். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

“என்ன மாமா? டீ வேணுமா?”

“ஒண்ணுமில்லம்மா.”

நேற்றும் முந்தாநாளும் இப்படித்தான் வந்து நின்றுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மிச்சமிருந்தது நடுத்தரத் திரி போட்ட ஜாடி ஒன்றுதான். அதை ஏற்றிவிட்டு, “மாமா, கடைவரைக்கும் போயிட்டு வரேன்” என்று குரல் கொடுத்து, வாசல் கதவைச் சத்தமாகச் சாத்தினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

சுடர் ஆடாமல் நின்றது. கரி இல்லை, புகை இல்லை. உருகிய மெழுகு மெல்லப் பரவி ஓரத்தை நெருங்கியது. இதுதான் அந்தத் திரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கூடத்தில் காலடி கேட்டது. அடி எடுத்து வைப்பது, நிற்பது, மறுபடி எடுத்து வைப்பது. வாசனை திடீரென்று மூச்சை அடைத்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ‘அத்தை, தெரியாம பண்ணிட்டேன். காதைத் திருகுங்க, என்ன வேணா செய்யுங்க. இத மட்டும் அணைச்சிடாதீங்க.’

‘டொக்’ என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தாள்.

சாசரைக் கவிழ்த்து ஜாடியை மூடியபடி மாமனார் நின்றிருந்தார். சுடர் அடங்கியதும் சாசரை எடுத்தார். குனிந்து, கண் மூடி, ஆழமாக மூச்சை இழுத்தார்.

“மாமா! நீங்களா?”

அவர் கையிலிருந்த சாசர் மேஜையில் நழுவி விழுந்தது.

“உன் வேலையக் கெடுத்துட்டேன்மா...”

“ஏன் மாமா இப்படி? நாலு நாளா பயத்துல செத்துட்டேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் சூடு ஆறாத ஜாடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். வாயைத் திறந்தார். வழக்கம்போல மூடிக்கொண்டு ‘ஒண்ணுமில்லம்மா’ என்று போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“திரிய உருவிட்டு, இந்த ஒண்ண எனக்குக் குடுத்துடும்மா.”