கிளி கொண்டுவரும் சேதி

தோப்பில் யார் என்ன செய்தாலும் கிளிக்குத் தெரிந்துவிடும். காலையில் மரம் மரமாகப் போய்ச் சேதி சொல்லும். எந்தச் சேதியைக் கேட்டு ஒருவர் சாப்பிடுவதை நிறுத்துகிறாரோ, மறுநாள் அதையே அவருக்கு இன்னும் கொஞ்சம் கொண்டுவரும்.

ஒருநாள் மயிலுக்குப் புதுத் தோகை வந்த கதையைக் கேட்டு, காகத்தின் வாயில் இட்லி அப்படியே நின்றது. அன்றிலிருந்து மயில் ஆடியது, மயிலைப் படம் பிடித்தார்கள், மயில் திரும்பிப் பார்த்தது என்று வேறு பேச்சே இல்லை.

காகத்துக்கு வயிறு எரிந்தது. பத்தாம் நாள் நேரே மயிலிடம் போனது.

"தோப்பே உன்னைப் பத்தித்தான் பேசுது. உனக்கே சலிக்கலையா?"

மயில் இளைத்துப்போயிருந்தது. "என்னைப் பத்தியா? கிளி என்கிட்ட உன் பேச்சைத்தான் பேசுது. அமாவாசைன்னா முதல் சோறு உனக்காம். நீ வந்து எடுக்குற வரைக்கும் வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்களாம். என்னை வயல்ல கண்டாலே கல்லெடுக்குறாங்க. இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இரை இறங்கலை."

இனிமேல் கிளிக்குக் காது கொடுப்பதில்லை என்று இரண்டும் பேசி முடித்துப் பிரிந்தன.

மறுநாள் காலை கிளி வந்தது. காகம் முதுகைக் காட்டிக்கொண்டு இட்லியைக் கொத்தியது. அணில் வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னது கிளி. ஆந்தைக்குக் கண்வலி என்றது. காகம் கொத்திக்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் மயிலைப் பார்த்துட்டு வர்றேன்," என்றது கிளி.

காகத்தின் அலகு பாதியில் நின்றது.

கிளி வசதியாக உட்கார்ந்துகொண்டது.